தாத்தா சொன்ன "கெட்ட காத்து": சீகூர்ல ராத்திரி தங்கக் கூடாதுன்னது வெறும் மூடநம்பிக்கையா?

தலைகுந்தா தம்பி:

வணக்கம்ங்க. சண்டைக்காக கேக்கல, நெஜமாவே தெரிஞ்சுக்கணும்னுதான் கேக்கறேன்.

எங்க வீடு ஊட்டியை ஒட்டி தலைகுந்தா பக்கம். தாத்தா காலத்துல ரெண்டு ஏக்கர் உருளைக்கிழங்கு போட்டுட்டு இருந்தோம், அதுக்கு எரு வேணும்னா கல்லட்டி மலைப்பாதையில இறங்கி கீழ சீகூருக்கு, மசினகுடி மாவனல்லா பக்கம்தான் போகணும், அங்கதான் மாடு ஜாஸ்தி, சாணி எரு மூட்டை கட்டி ஏத்திட்டு வருவாங்க. வருஷத்துக்கு நாலஞ்சு தடவை தாத்தா போயிட்டு வருவாராம். எவ்வளவு வேலை பாக்கி இருந்தாலும் சரி, மூட்டை பாதி கட்டுனபடி கிடந்தாலும் சரி, பொழுது சாயறதுக்குள்ள வண்டியை கெளப்பிடுவார். "இருட்டுன அப்புறம் சீகூர்ல காத்து கெட்டுப்போயிடும்டா, அதைக் குடிச்சா பத்தாம் நாள் குளிர்காய்ச்சல் புடிச்சுக்கும்"னு சொல்லுவார். அவரோட தம்பி, எங்க சின்னத் தாத்தா, ஒரு தடவை வண்டி அச்சு ஒடிஞ்சு ரெண்டு ராத்திரி கீழயே தங்கிட்டு வந்திருக்கார். வந்து பத்து பன்னண்டு நாள்ல காய்ச்சல், மூணு கம்பளி போத்தியும் கட்டில் ஆடற அளவுக்கு நடுக்கம், அந்த மாசமே போய்ட்டார். கல்யாணம் கூட ஆகல அவருக்கு.

அதுக்கப்புறம் தாத்தா மூணு விஷயம் சட்டம் மாதிரி வெச்சிருந்தார். இருட்டறதுக்குள்ள மேல ஏறிடணும். ஏற முடியலன்னா கதவைச் சாத்திட்டு பச்சை இலை போட்டு புகை மூட்டி தலையோட போத்திட்டு படுக்கணும். மூணாவது, "அங்கயே இருக்கற இருளனுக்கும் குறும்பனுக்கும் அந்தக் காத்து ஒண்ணும் பண்ணாது, அவங்களுக்கு மந்திரம் தெரியும், அவங்களை பாத்து நாம தங்கக் கூடாது"ன்னு.

போன வாரம் ஒரு விசேஷத்துல இதைச் சொன்னேன், கோயம்புத்தூர்ல இருந்து வந்த மச்சான் சிரிச்சுட்டான், காத்துல நோய் வருமா, கிருமின்னு ஒண்ணு இருக்கறது கூட உங்க தாத்தாவுக்கு தெரியாதான்னு. எனக்கு பதில் சொல்லத் தெரியல, ஆனா மனசுக்கு ஒரு மாதிரி ஆயிடுச்சு. நோய்க்கு இதுதான் காரணம்னு ஜனங்க நெனைக்கறது எப்போ, எப்படி மாறுச்சு? தாத்தா சொன்னதுல ஏதாச்சும் விஷயம் இருக்கா இல்ல மச்சான் சொன்னதுதான் சரியா?

மசினகுடி மாப்ள:

ப்ரோ அது யானைக்கு பயந்து சொல்லியிருப்பார் 😄 நாங்க இங்கதான் இருக்கோம், காத்து நல்லாத்தான் இருக்கு, உங்க ஊட்டி குளிரை விட தேவலை. சாணி எரு இன்னும் கெடைக்குது, வேணும்னா சொல்லுங்க.

பூதக்கண்ணாடி வாத்தியார்:

தம்பி, உங்க மச்சான்கிட்ட ஒண்ணு சொல்லுங்க. உங்க தாத்தா சொன்னதையேதான் லண்டன் பாரிஸ் பெரிய டாக்டருங்களும் 1880 வாக்குல வரைக்கும் சொல்லிட்டு இருந்தாங்க. மலேரியாங்கற பேரே இத்தாலிக்காரன் வெச்சது, "மால்" "ஆரியா", கெட்ட காத்துன்னுதான் அர்த்தம். சதுப்பு நிலம், அழுகுன இலை தழை, தேங்கின தண்ணி இதுல இருந்து ராத்திரியில ஒரு விஷ ஆவி கிளம்புது, அதை சுவாசிச்சா காய்ச்சல்னு கிட்டத்தட்ட ரெண்டாயிரம் வருஷமா நம்புனாங்க. நம்ம ஊட்டி உருவானதுலயே அந்த நம்பிக்கைக்கு பங்கு இருக்கு. கோயம்புத்தூர் கலெக்டர் சலிவன் 1819ல மேல ஏறி வந்து பாத்துட்டு இங்க வீடு கட்டுனார், அப்புறம் உடம்பு சரியில்லாத வெள்ளைக்காரன் எல்லாம் மேல வந்தான், ஏன்னா கீழ காத்து கெட்டது மேல காத்து சுத்தம்னு கணக்கு. மேல வந்தவனுக்கு புதுசா காய்ச்சல் புடிக்கலைங்கறது உண்மைதான், காரணம்தான் வேற. ஊட்டியிலயும் கொசு இருக்கு, ஆனா மலேரியா ஒட்டுண்ணி கொசு வயித்துக்குள்ள வளர்ந்து எச்சில் சுரப்பிக்கு வந்து சேர சூடு வேணும், 16 டிகிரிக்கு கீழ போச்சுன்னா அந்த வளர்ச்சி நின்னு போயிடும். அது தயாராகறதுக்குள்ள கொசுவோட ஆயுசு முடிஞ்சுடும். சீகூர் ஆயிரம் மீட்டர் சுமார், ஊட்டி ரெண்டாயிரத்துக்கு மேல, நடுவுல இருக்கற அந்த 36 கொண்டை ஊசி வளைவுதான் வேலி.

இப்ப தாத்தாவோட சட்டத்தை ஒவ்வொண்ணா எடுத்துப் பாருங்க. மலேரியா பரப்பற அனாஃபிலிஸ் கொசு பெரும்பாலும் ராத்திரியிலதான் கடிக்கும், அதனால இருட்டறதுக்குள்ள ஏறிடுன்னது சரி. புகை போட்டா கொசு கொஞ்சம் விலகும், போத்திட்டு படுத்தா கடிக்க இடம் இல்ல, அதுவும் சரி. "பத்தாம் நாள்"னு சொன்னார் பாருங்க, அங்கதான் நான் நிமிந்து உக்காந்தேன், கொசு கடிச்சு காய்ச்சல் வர ஒம்பதுல இருந்து பதினாலு நாள் வரைக்கும் ஆகும்னு புஸ்தகத்துல போட்டிருக்கும். புஸ்தகம் படிக்காமயே அந்தக் கணக்கை புடிச்சிருக்கார். காத்துங்கற ஒரு வார்த்தையை எடுத்துட்டு கொசுன்னு போடுங்க, மீதி ஒரு எழுத்து மாத்த வேண்டியதில்ல.

மருந்து கூட அப்படித்தான், காரணம் தெரியறதுக்கு முன்னாடியே வந்துடுச்சு. கொய்னா. சிங்கோனா மரப்பட்டையில இருந்து 1820லயே பிரான்ஸ்ல பிரிச்சு எடுத்துட்டாங்க. 1860ல மார்க்கம்ங்கறவர் தென் அமெரிக்காவுல இருந்து செடி கொண்டு வந்தார், ஊட்டி கார்டன் பாத்துட்டு இருந்த மெக்ஐவர் அதை தொட்டபெட்டாவுலயும் நடுவட்டத்துலயும் தோட்டமா போட்டார். நடுவட்டத்துல சைனா கைதிங்களை வெச்சு வேலை வாங்குனாங்க, அந்த ஜெயில் கட்டடம் இன்னும் நிக்குது, டூர் போறவங்க போட்டோ எடுத்துட்டு பக்கத்துல டீ குடிச்சுட்டு போயிடறாங்க. இதெல்லாம் நடக்கும்போது மலேரியா எதனால வருதுன்னு உலகத்துல ஒருத்தனுக்கும் தெரியாது! 1880ல அல்ஜீரியாவுல லாவெரான்ங்கற பிரெஞ்சு மிலிட்டரி டாக்டர்தான் முதல்ல நோயாளி ரத்தத்துல அந்த ஒட்டுண்ணி அசையறதை பாத்தார், அவரையும் ரொம்ப பேர் நம்பல.

கடைசியா உங்க ஊர் விஷயம், இதை மச்சானுக்கு கண்டிப்பா சொல்லுங்க. ரொனால்ட் ராஸ்ங்கற மிலிட்டரி டாக்டர் 1897ல லீவுல ஊட்டி வந்தவர், மலேரியா ஆராயணும்னு இறங்கிப் போன இடம் வேற எங்கயும் இல்ல, சீகூர் காட்ங்கற மலைப்பாதைதான். உங்க தாத்தா ராத்திரி தங்கக் கூடாதுன்ன அதே சரிவு. அந்தப் பயணத்துல அவருக்கே மலேரியா புடிச்சுடுச்சு. அப்போ அவர் மனசுல இருந்த காரணமும் தப்புதான், அவரோட குரு மேன்சன் சொன்னபடி கொசு தண்ணியில செத்து விழும், அந்தத் தண்ணியை மனுஷன் குடிச்சா காய்ச்சல் வரும்னு நெனச்சுட்டு இருந்தார், அதுக்காக கொசு செத்த தண்ணியை சில பேருக்கு காசு குடுத்து குடிக்க வெச்சு எல்லாம் பாத்திருக்கார். இன்னைக்கு பண்ணா உள்ள தூக்கி வெச்சுடுவாங்க. ஊட்டியில இருந்து திரும்பிப் போய் ரெண்டு மூணு மாசத்துல, அதே வருஷம் ஆகஸ்ட் 20, செகந்திராபாத்ல, இறக்கையில புள்ளி போட்ட கொசுவோட வயித்துச் சுவர்ல அந்த ஒட்டுண்ணியை கண்டுபுடிச்சார். ஹுசேன் கான்னு ஒரு நோயாளி, அவரைக் கடிக்க விட்ட கொசு அது, ஒரு கொசுவுக்கு ஒரு அணா கூலி. அடுத்த வருஷம் கல்கத்தாவுல பறவை மலேரியாவை வெச்சு, கொசு எச்சில்ல இருந்துதான் இறங்குதுன்னு முடிச்சு காட்டுனார். 1902ல நோபல்.

கை வலிக்குது, பாக்கி அப்புறம்.

தலைகுந்தா தம்பி:

சார் உடம்பு சிலிர்த்துடுச்சு. ராஸ் சீகூர்ல காய்ச்சல்ல படுத்தாரா! ஸ்கூல்ல செகந்திராபாத் மட்டும்தான் சொல்லிக்குடுத்தாங்க, வாரம் ரெண்டு தடவை அந்த வழியா போறவன் நான். மச்சானுக்கு அப்படியே ஃபார்வர்டு பண்ணிட்டேன், ப்ளூ டிக் வந்துச்சு, பதில் காணோம்.

ஆனா மூணாவது சட்டம்? மந்திரம்? அதை நீங்க தொடல.

கருநொச்சி:

வாத்தியார் ஐயா நல்லா எழுதறீங்க, ஆனா ஏதோ வெள்ளைக்காரன் வந்துதான் நமக்கு காரணம் சொல்லிக்குடுத்த மாதிரி இருக்கு, அதுதான் உறுத்துது. வாதம் பித்தம் கபம் மூணும் கூடினாலும் குறைஞ்சாலும் நோய்னு குறள்லயே மருந்து அதிகாரத்துல முதல் குறளா இருக்கு. சித்த வைத்தியத்துல நிலம், பருவம், சாப்பாடு, தூக்கம் எல்லாத்தையும் பாத்துதான் நோய் சொல்லுவாங்க. கிருமி மட்டுமே காரணம்னா ஒரே வீட்ல ஒரே கொசு கடிச்சு ஒருத்தனுக்கு மட்டும் ஏன் காய்ச்சல் வருது? ஜெர்மனியில பெட்டன்கோஃபர்னு ஒரு பெரிய புரொஃபசர் 1892ல காலரா கிருமியை ஒரு கிளாஸ்ல ஊத்தி குடிச்சே காட்டுனார், சாகல. அதுக்கென்ன சொல்றீங்க?

பூதக்கண்ணாடி வாத்தியார்:

கருநொச்சி ஐயா, நல்ல கேள்வி, கோவமே இல்ல. ஒரே வீட்ல ஒருத்தனுக்கு மட்டும் ஏன்ங்கற கேள்வியை கிருமிக் கட்சி ரொம்ப நாள் கண்டுக்காம விட்டுச்சுங்கறது உண்மைதான். ஆனா பெட்டன்கோஃபரை சாட்சிக்கு கூப்பிட்டீங்க பாருங்க, அந்த வருஷக் கதையை முழுசா சொல்லிடறேன்.

குடிச்சார், வயித்தால போச்சு, பொழச்சுக்கிட்டார், தான் சொன்னதுதான் சரின்னு எழுதவும் செஞ்சார். அவர் வாதம் என்னன்னா கிருமி மட்டும் பத்தாது, அந்த ஊர் மண்ணும் ஈரமும் சேந்துதான் விஷம் ஆகணும்னு. அதே 1892ல ஹாம்பர்க்ல காலரா வந்து எட்டாயிரத்துக்கு மேல ஜனங்க செத்தாங்க. ஹாம்பர்க்குக்கு ஒட்டுனாப்ல ஆல்டோனான்னு இன்னொரு ஊர், நடுவுல தெருதான் எல்லை, இந்தப் பக்கம் இருக்கற வீடு ஹாம்பர்க், எதிர் வரிசை ஆல்டோனா. ஒரே காத்து, ஒரே மண்ணு, ஒரே எல்ப் ஆறு. ஆல்டோனாக்காரன் ஆத்துத் தண்ணியை மணல்ல வடிகட்டி குழாய்ல விட்டான், ஹாம்பர்க்காரன் செலவுன்னு தள்ளிப் போட்டு வடிகட்டாம விட்டான். காலரா அந்தத் தெருவோட நின்னுச்சு. மண்ணும் காத்தும் காரணம்னா தெருவுக்கு இந்தப் பக்கம் அந்தப் பக்கம் அதுக்கு எப்படித் தெரியும்?

அதுக்கு 38 வருஷம் முன்னாடியே, 1854ல, லண்டன்ல ஜான் ஸ்நோ ஒரு தெருப் பம்பைச் சுத்தி செத்தவங்களை எண்ணிப் பாத்து, தண்ணியிலதான் வருதுன்னு சொல்லிட்டார், கிருமியை கண்ணால பாக்காமயே. கோச்ங்கற ஜெர்மன் டாக்டர் 1884ல நம்ம கல்கத்தாவுக்கே வந்து குளத்துத் தண்ணியில அந்தக் கிருமியைக் காட்டுனார். அப்பவும் நம்பாதவங்க நம்பல. வெள்ளைக்காரன் சொல்லிக்குடுத்தான்னு நான் சொல்லலை ஐயா, வெள்ளைக்காரனே வெள்ளைக்காரன் சொன்னதை முப்பது நாப்பது வருஷம் கேக்கலைங்கறேன். அந்தக் கிருமி உடம்புக்குள்ள போய் சரியா என்னதான் பண்ணுது, ஏன் அரிசி கழுவுன தண்ணி மாதிரி கொட்டுதுன்னு காட்டுனது கல்கத்தாவுல சம்புநாத் தே-ங்கற நம்ம ஆளு, 1959ல. கிருமி ஒரு நஞ்சை விடுது, அந்த நஞ்சுதான் உடம்புத் தண்ணியை குடலுக்குள்ள இழுத்து வெளிய தள்ளுதுன்னு. அவர் பேரு எத்தனை பேருக்கு தெரியும்?

குறளை நான் மறுக்கவே இல்ல. "குறையினும்"ங்கற பாதிக்கு குன்னூர்லயே ஒரு கதை இருக்கு, குன்னூர்க்காரங்க யாராச்சும் சொல்லட்டும்.

சிம்ஸ்பார்க் கேட்:

நான் சொல்றேன் சார், எங்க சித்தப்பா குன்னூர்ல வெறிநாய்க்கடி மருந்து பண்ணிட்டு இருந்த பாஸ்டர் இன்ஸ்டிட்யூட்ல வேலை பாத்தவர். ஆனா முதல்ல என் சொந்தக் கதை.

1986, எனக்கு ஒம்பது வயசு, பெட்ஃபோர்டு பக்கம் தெரு நாய் கெண்டைக்கால்ல கடிச்சுடுச்சு. வீட்டுக்கு ஓடி வந்தா அம்மா சுண்ணாம்பும் மிளகாத்தூளும் அப்பி வெச்சுட்டாங்க, பக்கத்து வீட்டு பாட்டி வந்து "கிணத்தை எட்டிப் பாக்காத, வயித்துல நாய்க்குட்டி உருவாயிடும்"னுது. நான் மூணு நாள் வயித்தை தடவிப் பாத்துட்டே இருந்தேன், சத்தியமா. காயத்தை சோப்பு போட்டு ஓடற தண்ணியில பதினஞ்சு நிமிஷம் கழுவறதுதான் முதல் வைத்தியம்னு சித்தப்பா சாயங்காலம் வந்து கத்துனார், மிளகாத்தூளை கழுவி எடுக்கும்போது நான் போட்ட சத்தம் சிம்ஸ்பார்க் வரைக்கும் கேட்டிருக்கும். மறுநாள் கூட்டிட்டுப் போன முதல் இடத்துல மருந்து ஸ்டாக் இல்லைன்னு ஒரு நாள் அலைய விட்டாங்க. அப்புறம் தொப்புளைச் சுத்தி 14 ஊசி, தினம் ஒண்ணு. அந்த மருந்து ஆட்டு மூளையில பண்றதுன்னு பெரியவனானப்புறம்தான் தெரிஞ்சுது, ஆடு உள்ள போறதை வேலி வழியா பாத்திருக்கேன், எதுக்குன்னு தெரியாது. அந்த ஆட்டு மூளை மருந்து தயாரிக்கறதை 2004 கடைசியோட நாடு முழுக்க நிறுத்திட்டாங்க, இப்ப கையிலதான் ஊசி, எண்ணிக்கையும் கம்மி.

இதுல ஆச்சரியம் என்னன்னா சித்தப்பா சொல்லுவார், பாஸ்டர்ங்கற பிரெஞ்சு விஞ்ஞானி 1885ல ஜோசப் மைஸ்டர்ங்கற பையனுக்கு முதல் ஊசி போட்டப்ப அந்த வெறிநாய்க் கிருமியை அவர் பாத்ததே இல்லையாம். மைக்ராஸ்கோப்ல சிக்கற சைஸே இல்ல அது. முயலோட முதுகுத்தண்டை காய வெச்சு காய வெச்சு வீரியம் குறைச்சு மருந்து பண்ணிட்டார், எதைக் குறைக்கறோம்னு தெரியாமயே! குன்னூர்ல அந்த பில்டிங் 1907ல திறந்தாங்க, அதுக்கு முன்னாடி நாய் கடிச்சா இங்க இருந்து வடக்க கசௌலிக்கு போகணும், போய்ச் சேரவே எத்தனை நாள் ரயில்னு யோசிச்சுப் பாருங்க.

இப்ப வாத்தியார் சார் கேட்ட கதை. அதே இன்ஸ்டிட்யூட்ல ஒரே ஒரு ரூம்ல 1918ல மெக்கேரிசன்ங்கற டாக்டர் பெரிபெரி ஆராய்ச்சி ஆரம்பிச்சார். கால் மரத்து, வீங்கி, நடக்க முடியாம, கடைசியில ஹார்ட் நின்னு போற நோய். அது கிருமியாலதான்னு எல்லாரும் கிருமியையே தேடிட்டு இருந்த காலம் ஒண்ணு இருந்துச்சு, ஏன்னா அப்போ கிருமிதான் ஃபேஷன். ஜாவாவுல எய்க்மன்னு ஒரு டச்சு டாக்டர், கிருமி தேடப் போனவர்தான், அவர் வளத்த கோழிங்களுக்கு பெரிபெரி மாதிரியே காலு இழுத்துக்கிச்சு, ஒரு நாள் தானா சரியாயிடுச்சு. விசாரிச்சா, பழைய சமையக்காரன் மிலிட்டரி கிச்சன்ல மிஞ்சின வெள்ளை அரிசி சோறு போட்டிருக்கான், புதுசா வந்தவன் "மிலிட்டரி அரிசியை சிவிலியன் கோழிக்கு போட முடியாது"ன்னு கறாரா நிறுத்திட்டான் 😂 அந்தக் கறார்ல நோபல் பரிசு கெடைச்சுது. தீட்டித் தள்ளுன தவிட்டுலதான் விஷயம் இருந்துச்சு, பின்னாடி வைட்டமின் பி1னு பேர் வந்தது. கிருமி உள்ள வந்ததால வந்த நோய் இல்ல, ஒண்ணு உள்ள வராததால வந்த நோய். மெக்கேரிசன் குன்னூர்ல இருந்து பாத்தப்ப, ஆந்திரா கடலோர ஜில்லாவுல பச்சரிசி சாப்பிடறவங்களுக்கு பெரிபெரி, நம்ம பக்கம் புழுங்கல் அரிசி சாப்பிடறவங்களுக்கு கம்மி. நெல்லை வேக வைக்கும்போது தவிட்டுச் சத்து அரிசிக்குள்ள இறங்கிடுது. எங்க அம்மாச்சி "பச்சரிசி விசேஷத்துக்கு மட்டும்"னு சொன்னதுக்கு இது காரணமான்னா இல்ல, விலைதான் காரணம், ஆனா தப்பிச்சோம்.

அந்த ஒரு ரூம் வளந்து 1958ல ஹைதராபாத் போய் இன்னைக்கு தேசிய ஊட்டச்சத்து நிறுவனமா இருக்கு. குன்னூர்ல பாதிப் பேருக்கு இது தெரியாது, வர்க்கி எங்க நல்லா இருக்கும்னு கேட்டா மட்டும் சொல்லுவோம்.

ஒண்ணு விட்டுட்டேன். அதே மெக்கேரிசன் இங்க வர்றதுக்கு முன்னாடி கில்கிட்ல கழுத்துக் கழலையைப் பத்தி ஆராஞ்சப்ப, தண்ணியில இருக்கற கிருமிதான் காரணம்னு நம்பி அந்தக் கசடை அவரே குடிச்சாராம், மத்தவங்களுக்கும் குடுத்தாராம். கழலைக்கு பெரிய காரணம் அயோடின் பத்தாததுதான். பெரிய ஆளுங்களும் ஒண்ணுல சரியா சொல்லி ஒண்ணுல வழுக்கறாங்க. கருநொச்சி சார் சொன்ன மிகினும் குறையினும் இங்க சரியா பொருந்துது, ஆனா தவிடுன்னு அங்க எழுதலையே.

கருநொச்சி:

தவிடுன்னு எழுதலை, ஆனா கைக்குத்தல் அரிசி சாப்பிட்டாங்கல்ல. சரி விடுங்க. ஹாம்பர்க் கதை எனக்கு தெரியாது, அது நல்ல அடி, ஒத்துக்கறேன். ஒரே வீட்ல ஒருத்தனுக்கு மட்டும் ஏன்ங்கறதுக்கு இன்னும் யாரும் பதில் சொல்லல.

கூடலூர் சிஸ்டர்:

ராத்திரி டியூட்டி முடிச்சுட்டு படிக்கறேன், தப்பு இருந்தா மன்னிச்சுக்குங்க. வேலை பாக்கற இடம் பேரு வேண்டாம். கருநொச்சி அண்ணா கேட்டதுக்கும் தம்பியோட மூணாவது சட்டத்துக்கும் சேத்து ஒரே பதில் எங்கிட்ட இருக்கு.

எங்க வார்டுக்கு ஒரு பணியர் பழங்குடி அம்மா குழந்தையைத் தூக்கிட்டு வந்தாங்க, ஒரு வயசு கூட ஆகல, ரெண்டு கையும் ரெண்டு பாதமும் பன்னு மாதிரி வீங்கி, தொட்டாலே அழுவான். கையில நாலு கயிறு கட்டியிருந்துச்சு. யாரோ செஞ்சுட்டாங்கன்னு அவங்களுக்கு நிச்சயம், யாருன்னு கூட தெரியுமாம். ரத்தம் எடுத்துப் பாத்தா சிக்கிள் செல். ரத்தத்துல சிவப்பு அணு சாதாரணமா வட்டமா தட்டு மாதிரி நடுவுல குழிஞ்சு இருக்கும், இந்தப் புள்ளைங்களுக்கு அது கதிரறுக்கற அரிவாள் மாதிரி வளைஞ்சுடும், வளைஞ்சது சின்ன ரத்தக் குழாய்ல மாட்டிக்கும், மாட்டுன இடத்துல உயிர் போற வலி. காரணம் என்னன்னா ஹீமோகுளோபின்ல ஒரே ஒரு கண்ணி மாறியிருக்கு, அவ்வளவுதான். அப்பா அம்மா ரெண்டு பேர்கிட்ட இருந்தும் அந்த மாத்தம் வந்தா நோய். ஒருத்தர்கிட்ட இருந்து மட்டும் வந்தா நோய் இல்ல, சும்மா சுமந்துட்டு இருப்பாங்க, பெரும்பாலும் அவங்களுக்கே தெரியாது.

இப்ப கேளுங்க. இந்தியாவுல இந்த சிக்கிள் செல்லை முதல்ல கண்டுபுடிச்சு எழுதுனது நம்ம நீலகிரி பழங்குடி ஜனங்ககிட்டதான், 1952ல, லேமன் கட்புஷ்னு ரெண்டு பேர். அதுக்கு ரெண்டு வருஷம் கழிச்சு ஆப்பிரிக்காவுல ஆலிசன்ங்கறவர் காட்டுனார், ஒரு பக்கத்துல இருந்து மட்டும் இந்த மாத்தம் வந்தவங்களுக்கு மலேரியா வந்தாலும் உயிர் போற அளவுக்கு முத்தறது ரொம்பக் கம்மின்னு. அந்த அணுவுக்குள்ள ஒட்டுண்ணி சரியா வளர முடியறதில்ல. அதனாலதான் மலேரியா அடிச்ச காட்டு ஓரத்துல தலைமுறை தலைமுறையா இருந்த ஜனங்ககிட்ட இந்த மாத்தம் தங்கிடுச்சு. தாத்தா மந்திரம்னு பாத்தது ஒரு பங்கு இது, இன்னொரு பங்கு சின்ன வயசுல இருந்து திரும்பத் திரும்ப காய்ச்சல் வந்து உடம்பு பழகிக்கறது. சீகூர் காத்து அவங்க ரத்தத்துலயே எழுதி வெச்சுட்டுப் போயிருக்கு, நம்ம சின்னத் தாத்தா உடம்புல அது இல்ல.

ஆனா "அவங்களுக்கு ஒண்ணும் ஆகாது"ங்கறது பெரியவங்களை மட்டும் பாத்துச் சொன்ன பேச்சு தம்பி, கோவிச்சுக்காதீங்க. அஞ்சு வயசுக்குள்ள செத்த குழந்தைங்களை எரு ஏத்த வந்தவங்க யாரும் பாத்திருக்க மாட்டாங்க. அந்த மந்திரப் பேச்சு சும்மா பேச்சாவும் நிக்கல. போன நூத்தாண்டுக்கு முந்துன நூத்தாண்டுல, ஊர்ல நோய் வந்தா மாடு செத்தா குறும்பர் சூனியம் வெச்சுட்டாங்கன்னு சொல்லி அவங்களை கூட்டமா போய் கொன்னதெல்லாம் இந்த மலையிலயே நடந்திருக்கு, பதிவுல இருக்கு. காரணம் தெரியாத எடத்துல ஒரு ஆள் கெடைச்சுடறான்.

இப்ப காரணம் தெரிஞ்சுடுச்சுன்னு நிம்மதியா இருக்க முடியுதான்னா அதுவும் இல்ல. 2023ல இதுக்குன்னே தேசிய திட்டம் ஆரம்பிச்சு பழங்குடி ஜனங்க ஜாஸ்தி இருக்கற பகுதிகள்ல நாப்பது வயசு வரைக்கும் இருக்கறவங்களுக்கு டெஸ்ட் எடுக்கறாங்க, நல்லதுதான், ஒரு துளி ரத்தம் போதும், மாத்திரையும் இருக்கு. ஆனா டெஸ்ட் ரிசல்ட் கார்டு கையில வந்த மறு வாரமே "அந்த வீட்டுப் பொண்ணு வேண்டாம், ரத்தம் சரியில்ல"ன்னு ஆரம்பிச்சுடுச்சு. சுமக்கறவங்க நோயாளி இல்லைன்னு எத்தனை தடவை சொன்னாலும் காதுல ஏறல. முந்தி செய்வினைன்னாங்க, இப்ப ரத்தம்ங்கறாங்க, எங்களுக்கு பேசிப் பேசி தொண்டை வறண்டதுதான் மிச்சம். அந்தக் குழந்தை இப்ப ஸ்கூல் போறான், மாத்திரை ஒழுங்கா எடுத்துக்கறான். கயிறு இன்னும் கட்டியிருக்கு, நான் அவுக்கச் சொல்லல.

மசினகுடி மாப்ள:

யானை ஜோக்கை வாபஸ் வாங்கிக்கறேன்.

சிஸ்டர், எங்க பாட்டி இங்க வாழைத்தோட்டத்துல நாலு புள்ளை பெத்து ரெண்டுதான் தங்குச்சு. குளிர்காய்ச்சல்னுதான் சொல்லும். நாங்க யாரும் டெஸ்ட் எடுத்ததில்ல, எடுக்கணுமா?

கூடலூர் சிஸ்டர்:

எடுத்துடுங்க தம்பி, பயப்படற விஷயமே இல்ல. பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்துல கேளுங்க, இலவசம்தான். கல்யாணத்துக்கு முன்னாடி எடுத்தா இன்னும் நல்லது.

பூதக்கண்ணாடி வாத்தியார்:

சிஸ்டர், நான் நாப்பது வருஷம் விலங்கியல் நடத்துனவன், சிக்கிள் செல்லுக்கு ஆப்பிரிக்காவைத்தான் உதாரணம் சொல்லிட்டு இருந்தேன். நம்ம மலையிலயே 1952ல பாத்திருக்காங்கன்னு இன்னைக்குத்தான் தெரியும். பசங்க பாதிப் பேரு கூடலூர்ல இருந்து வந்தவனுங்க வேற. என்னத்தை சொல்ல.

மாப்ள, இப்ப உங்க ஊர்ல காத்து நல்லாத்தான் இருக்குன்னீங்க, அது தானா நல்லாகல. சுதந்திரம் வந்தப்ப நாட்டுல வருஷத்துக்கு ஏழரைக் கோடி பேருக்கு மலேரியா, எட்டு லட்சம் சாவுன்னு கணக்கு. 1953ல மலேரியா கட்டுப்பாட்டுத் திட்டம் வந்து வீடு வீடா டிடிடிங்கற கொசு மருந்து அடிச்சாங்க, 1965 வாக்குல ஒரு லட்சம் கேஸுக்கு இறங்குச்சு. முடிஞ்சுதுன்னு அசந்தாங்க, கொசுவுக்கும் மருந்து பழகிடுச்சு, 1976ல மறுபடியும் அறுபது லட்சத்துக்கு மேல. காரணம் தெரியறது வேற, விடாம பண்றது வேற. தம்பி, உங்க வீட்ல அந்த மருந்து அடிச்ச ஞாபகம் யாருக்காச்சும் இருக்கா?

தலைகுந்தா தம்பி:

அம்மாகிட்ட கேட்டேன் சார். எங்க மேல வீட்ல அடிச்ச ஞாபகம் அவங்களுக்கு இல்லையாம், ஆனா மாவனல்லாவுல தாத்தா எரு வாங்கற வீட்ல, முதுகுல டப்பா மாட்டுன ஆளுங்க வந்து வெள்ளையா அடிச்சுட்டு, கதவுக்கு பக்கத்துச் சுவத்துல தேதி எழுதிட்டுப் போவாங்களாம். அந்தத் தேதியை தாத்தா போறப்ப எல்லாம் தடவிப் பாப்பாராம். அதுக்கப்புறம் ஒரே ஒரு தடவை, அம்மாவும் கூடப் போயிருந்தப்ப, மழை புடிச்சுக்கிச்சுன்னு அந்தத் திண்ணையில ராத்திரி படுத்திருக்கார். விடிய விடிய தூங்கவே இல்லையாம், அம்மா மேல கம்பளியை இழுத்து இழுத்து மூடிட்டே உக்காந்திருந்தாராம்.

அந்த வீடு இன்னும் இருக்குன்னு அம்மா சொல்றாங்க. மாப்ள, ஞாயித்துக்கிழமை எரு எடுக்க வர்றேன், கூட வர்றீங்களா, சுவத்துல அந்தத் தேதி இருக்கான்னு பாக்கணும்.

மசினகுடி மாப்ள:

எந்த வீடுன்னு தெரியும் ப்ரோ. போன தையில சுண்ணாம்பு அடிச்சுட்டாங்க. பரவால்ல, வாங்க.